குழந்தை நோய்த்தொற்றுகளில் நுண்ணுயிர் எதிர்ப்பிப் பயன்பாடு

குழந்தை நோய்த்தொற்றுகளில் நுண்ணுயிர் எதிர்ப்பிப் பயன்பாடு என்பது குழந்தைகளுக்கு அடிக்கடி ஏற்படும் தடிமன், தொண்டைவலி, காதுவலி, இருமல், வயிற்றுப்போக்கு போன்ற நோய்களில் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை (ஆன்டிபயாட்டிக்) எப்போது, எவ்வளவு, எத்தனை நாட்கள் கொடுப்பது என்பதைக் குறிக்கும். இம்மருந்துகள் பாக்டீரியாக்களை அழிக்கின்றன அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. தீநுண்மிகளின் (வைரசு) மீது இவை செயல்படுவதில்லை. குழந்தைப் பருவத்துச் சளி, காய்ச்சல்களில் பெரும்பாலானவை தீநுண்மிகளால் ஏற்படுபவை. ஆகவே தேவையற்ற இடத்தில் இம்மருந்தைத் தவிர்ப்பதும், தேவையான இடத்தில் காலந்தாழ்த்தாமல் கொடுப்பதும் ஒரே நெறியின் இரு பகுதிகளாகும்.

செயல்படும் விதம்

பென்சிலின், அமாக்சிசிலின் ஆகியவை பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கின்றன. சுவர் வலுவிழந்த பாக்டீரியா சிதைந்து அழிகிறது. மனித உயிரணுக்களுக்குச் செல்சுவர் இல்லாததால் அவை பாதிக்கப்படுவதில்லை. தீநுண்மிகளுக்கும் செல்சுவர் கிடையாது. அவை மனித உயிரணுவினுள் புகுந்து, அதன் இயக்கத்தைப் பயன்படுத்தியே பெருகுகின்றன. எனவே தடிமனுக்கு அமாக்சிசிலின் பயன்படுவதில்லை. மருந்து கொடுத்த சில நாட்களில் தடிமன் நீங்குவதற்குக் காரணம் மருந்தன்று. அந்நோய் தானாகவே நீங்கும் இயல்புடையது.

நோய்வாரியான பயன்பாடு

தடிமன்: இதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பி தேவையில்லை. பொதுவாக 7 முதல் 10 நாட்களில் குறையும். இருமல் மேலும் சில நாட்கள் நீடிக்கலாம். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டுமே பாக்டீரியாத் தொற்றின் அடையாளம் ஆகாது.

தொண்டை அழற்சி: பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டினருக்கே இது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கசு பாக்டீரியாவால் ஏற்படுகிறது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் ஆகியவை சேர்ந்திருந்தால் தீநுண்மியே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஸ்ட்ரெப்டோகாக்கசு எனத் தெரிந்தால் மருந்து தேவை. கவனியாது விட்டால் பின்னர் வாதக்காய்ச்சல் தோன்றி, இதய அடைப்பிதழ்களை நிலையாகச் சிதைக்கக்கூடும். இதற்குப் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் வழமையாக 10 நாட்கள் கொடுக்கப்படுகிறது.

நடுக்காது அழற்சி: பல குழந்தைகளுக்கு மருந்தின்றியே குணமாகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2013-ல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 2 வயது நிரம்பிய குழந்தைக்கு நோய் கடுமையாக இல்லாதபோது, வலி நீக்கி கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கவனித்துப் பின்னர் முடிவு செய்யலாம். 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஒரு காதில் மட்டும் கடுமையற்ற அழற்சி இருந்தாலும் இவ்வாறே செய்யலாம். காதில் சீழ் வடிதல், 39 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், கடும் வலி ஆகியவை இருந்தால் காத்திருத்தல் பொருந்தாது.

நுரையீரல் அழற்சி (நிமோனியா): இங்கு காலத்தாழ்ச்சி உயிருக்கு ஆபத்தானது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019-ல் 5 வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் இந்நோயால் இறந்தனர். இருமலோ மூச்சுத்திணறலோ உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். பின்வரும் அளவுகள் வேகமான மூச்சாகக் கொள்ளப்படுகின்றன:

- 2 மாதத்திற்குட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
- 2 முதல் 11 மாதம்: 50 அல்லது அதற்கு மேல்
- 1 முதல் 5 வயது: 40 அல்லது அதற்கு மேல்

வேகமான மூச்சு அல்லது மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல் காணப்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பால் அல்லது நீர் அருந்த இயலாமை, வலிப்பு, மயக்க நிலை ஆகியவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அறிகுறிகள்.

வயிற்றுப்போக்கு: உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எசு), துத்தநாகம், தொடர்ந்த உணவு அல்லது தாய்ப்பால் ஆகியவையே முதன்மைச் சிகிச்சை. மலத்தில் குருதி கலந்திருத்தல், வாந்திபேதி (காலரா) ஐயம் போன்ற நிலைகளில் மட்டுமே நுண்ணுயிர் எதிர்ப்பி பயன்படுகிறது.

3 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், பிற அறிகுறிகள் இல்லாவிடினும் உடனடி மருத்துவப் பரிசோதனை தேவை.

கொடுக்கும் முறை

மருந்தின் அளவு குழந்தையின் எடையைக் கொண்டு கணிக்கப்படுவதால், ஒரு குழந்தைக்கு எழுதிய மருந்தை மற்றொரு குழந்தைக்குக் கொடுத்தல் கூடாது. தூளாக விற்கப்படும் மருந்தில், கொதித்து ஆறிய நீரைப் புட்டியிலுள்ள குறிவரை ஊற்றிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்கியபின் அளவுக் குவளையாலோ ஊசியற்ற பீச்சுகுழலாலோ அளக்க வேண்டும். வீட்டுக் கரண்டிகளின் கொள்ளளவு ஒன்றுபோல் இராது. குறிப்பிட்ட நாட்களுக்கு முன் பெற்றோர் தாமாக நிறுத்துவதும், எஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென வைத்திருப்பதும் தவறு. கால அளவு நோய்க்கு நோய் மாறுபடும். நீண்ட காலம் கொடுப்பது எப்போதும் சிறந்ததன்று.

வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் இம்மருந்துகளின் பொதுவான பக்க விளைவுகள். முகம் வீங்குதலும் மூச்சுத்திணறலும் கடும் ஒவ்வாமையைக் குறிக்கும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எதிர்ப்புத்தன்மை

நுண்ணுயிர் எதிர்ப்பி நோய்க்கிருமியை மட்டுமன்றி, குடலிலும் தொண்டையிலும் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களையும் தாக்குகிறது. மருந்துக்குத் தாக்குப்பிடிப்பவை எஞ்சிப் பெருகுகின்றன. அவற்றின் மரபணுக்கள் பிற பாக்டீரியாக்களுக்கும் பரவக்கூடும். இவ்வாறு, தேவையின்றி ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து, பின்னாளில் அக்குழந்தைக்கோ வேறொருவருக்கோ உண்மையாகத் தேவைப்படும்போது பயனற்றுப் போகலாம். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் உட்கொள்வதால் எதிர்ப்புத்தன்மை தோன்றும் என எச்சரித்தார். 2019-ல் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் இறப்புகளுக்குப் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்புத்தன்மை நேரடிக் காரணமாக இருந்தது என மதிப்பிடப்பட்டுள்ளது.

தடுப்பு நடவடிக்கைகள்

இந்தியாவில் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை மருத்துவர் சீட்டின்றி விற்பது சட்டப்படி கூடாது. 2014 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையின் கீழ், சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் விற்பனையை மருந்தகங்கள் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளை அவற்றின் உறையிலுள்ள சிவப்புக் கோட்டால் அடையாளம் காணலாம்.

நோய் வராமல் தடுப்பது மருந்தின் தேவையையே குறைக்கிறது. நுரையீரல் அழற்சிக்குக் காரணமான ஈமோபிலசு இன்புளுவென்சா பி வகைக்கு எதிரான தடுப்பூசியை உள்ளடக்கிய ஐந்துகூட்டுத் தடுப்பூசி, இந்தியாவில் முதன்முதலாக 2011 திசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமானது. நியூமோகாக்கசு தடுப்பூசி, ரோட்டா தீநுண்மித் தடுப்பு மருந்து, தாய்ப்பால், சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் ஆகியவையும் இவ்வகையில் பயனளிக்கின்றன.