திண்ணைப் பள்ளித் தேர்வில் நாம் தேறுவோமா?

முன்னோர் பயின்ற கல்வியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் நம் செவியில் விழுகின்றன. 'அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பு, இந்தக் காலத்துப் பட்டப் படிப்புக்குச் சமம்' என்பது ஒன்று. 'அவர்கள் கற்றது வெறும் கிளிப்பிள்ளைப் பாடம்' என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வாதத்தால் தீர்க்க முயல்வதைவிட ஒரு சோதனையால் தீர்ப்பது நலம். பட்டம் பெற்றுப் பதவியும் வகிக்கும் இக்காலத்துப் பெரியவர் ஒருவரை, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஒரு திண்ணைப் பள்ளியில், பத்து வயதுச் சிறுவனுக்குப் பக்கத்தில் அமர்த்திப் பார்ப்போம். அவரை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இதை எழுதும் நாமும், படிக்கும் நீங்களுமே அவர்.

பள்ளியும் பாடமும்

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கின்றனர் எனக் கணக்கெடுக்கும்படி ஆட்சியர்களைப் பணித்தார். விடைகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் காணப்படுகின்றனர். மாகாணத்தின் மக்கள்தொகை அப்போது 1,28,50,941. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அதன் பொருள். இவற்றுள் பெரும்பாலானவை ஓராசிரியர் பள்ளிகளே. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையோ, சத்திரமோ, மரநிழலோ போதுமானதாயிருந்தது.

பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்பு ஓலையும் எழுத்தாணியும் வந்தன. தேர்ந்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாகி இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், மணலில் எழுதும் நம் நாட்டு வழக்கத்தைக் கண்டு தம் இல்லத்தில் மேற்கொண்டார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு நடத்திக் காட்டினார். அதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

தமிழகத் திண்ணையில் எழுத்தும் நீதி நூல்களும் கற்பிக்கப்பட்டன. எனினும் மாணாக்கன் மெய்யாகவே தேறினானா என்பதைக் காட்டியது கணக்கே. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று அது விரிந்தது. பொன்னிலக்கத்தில் பின்னங்கள், நெல்லிலக்கத்தில் தானிய அளவுகள், எண்சுவடியில் பெருக்கல் வாய்பாடுகள், குழிமாற்றில் நிலத்தின் பரப்பைக் காண உதவும் பெருக்கம். தேர்வுக்கென்று தனி நாள் குறிக்கப்படவில்லை. அன்றாடம் ஆசிரியர் முன்னின்று ஒப்பித்தலே தேர்வு. எழுதுகோலுக்கு அங்கே வேலையில்லை, மனமே ஏடு.

முதல் வினா

'மாவை மாவால் பெருக்கினால் என்ன?'

இங்கேயே நம்மில் பெரும்பாலோர் விழித்து நிற்போம். மா என்பது இருபதில் ஒரு பங்கு. அதனை அதனாலேயே பெருக்கினால் நானூற்றில் ஒன்று. இவ்வளவு தூரம் காகிதத்தைக் கொண்டு நாம் வந்துவிடலாம். ஆனால் ஆசிரியர் அந்த விடையை ஏற்கமாட்டார். 'கீழ் முக்காலே ஒருமா' என்று அவருக்குச் சொல்ல வேண்டும். முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. 'கீழ்' என்று முன்னே சேர்த்தால், அந்த முந்திரிக்குள் மீண்டும் ஒரு பின்னம் எடுக்கப்படுகிறது என்று கொள்ள வேண்டும். முந்திரியில் முக்காலும் ஒருமாவும், அதாவது ஐந்தில் நான்கு பங்கு, நானூற்றில் ஒன்றுக்குச் சரியாக வருகிறது. பத்து வயதுப் பிள்ளை இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்வான். நமக்கோ இன்று முந்திரி என்றவுடன் பாயசமே நினைவுக்கு வருகிறது.

இந்த அமைப்பை மனப்பாடச் சுமை என்று ஒதுக்கிவிடுவதற்கு முன் அதன் உள்ளமைப்பைச் சற்றே நோக்க வேண்டும். தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறைந்து செல்வது ஒன்று. வீசம் பதினாறில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்காகிய மாவை அடியாகக் கொண்டது மற்றொன்று. இவ்விரண்டும் எண்பதில் ஒரு பங்காகிய காணியில் வந்து சந்திக்கின்றன. ஒரு வீசத்தில் ஐந்து காணி. ஒரு மாவில் நான்கு காணி. காணியை நான்காக்கினால் முந்திரி. எக்குடும்பத்துப் பின்னத்தையும் எக்குடும்பத்துப் பின்னத்தோடும் கூட்டவும் கழிக்கவும் இந்த ஏணி இடந்தருகிறது. இதைச் சமைத்தவர்கள் எண்ணின் இயல்பை நன்கறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

இரண்டாம் வினா

'நாளொன்றுக்கு இருநாழி உரி அரிசி செலவாகும் வீட்டில், முப்பது நாளைக்கு எவ்வளவு?'

இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். முப்பது நாளைக்கு எழுபத்தைந்து நாழி என்பது நமக்கும் எளிது. அதனை 'இருதூணிக் குறுணி முந்நாழி' என்று மாற்றிச் சொல்வதில்தான் தேர்வு இருக்கிறது. விடையை இவ்வாறு சொன்னால்தான் களத்தில் அளப்பவன் எந்த அளவையை எத்தனை முறை கையில் எடுக்க வேண்டும் என்பது விளங்கும். அந்தப் பிள்ளை கற்ற கணக்கு நேரே களத்துக்கும் கடைக்கும் செல்லும் கணக்கு. அளப்பவன் ஒரு நாழியை ஒளித்தால் அவன் அங்கேயே கண்டுகொள்வான்.

இவ்விரு வினாக்களிலும் நாம் தோற்றோம். இதனால் நாம் அறிவிலிகள் என்றாகிவிடுமா? ஆகாது. அந்தப் பிள்ளையை அழைத்து வந்து, இக்காலத்து வங்கிக் கடனின் கூட்டுவட்டியையோ, உலகப் படத்தையோ முன்வைத்தால் அவனும் விழித்து நிற்பான். ஒரு காலத்தின் தேர்வு அக்காலத்து வாழ்க்கை எவற்றை வேண்டி நின்றது என்பதைக் காட்டும். அந்த வாழ்க்கை மாறும்போது வினாத்தாளும் மாறுகிறது.

தேர்வுக்கே வராதவர்கள்

பழமையைப் புகழும்போது மறைத்துவிடக் கூடாத செய்திகளும் உண்டு. மன்றோ கணக்கிட்ட 1,88,650 மாணாக்கருள் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஏனைய பெண்கள் அத்தேர்வில் தோற்கவில்லை. அவர்கள் அதற்கு அமர்த்தப்படவே இல்லை. மலபார் மாவட்டத்தில் மட்டும் முஸ்லிம் மாணவர் 3,196 பேருக்கு மாணவியர் 1,122 பேர் இருந்தனர் என்பது நம் சமுதாயம் மறக்கக் கூடாத செய்தி. உழுது விளைவித்தும் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களுக்கோ திண்ணையின் படியேறவே உரிமை இருந்ததில்லை. நெல்லிலக்கம் அறிந்தவன் அளந்தான்; அறியாதவன் அவன் அளந்ததை வாங்கிச் சென்றான்.

கற்பித்த முறையிலும் குறையிருந்தது. பெல்லாரி ஆட்சியராயிருந்த காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில், அப்பகுதிப் பள்ளிகளின் சிக்கனத்தையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் பாராட்டினார். அதே அறிக்கையில், பேச்சு வழக்குக்கு எட்டாத செய்யுள்களைப் பிள்ளைகள் பொருள் அறியாமலே ஒப்பிப்பதை வருந்திக் குறிப்பிட்டார். பாடம் ஒப்பிக்காத பிள்ளையைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் திண்ணைக்கு உரியதே. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு நினைவு கூர்வது வரலாறாகாது.

வினாத்தாள் மாறிய கதை

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் பள்ளிகளுக்கு அரசின் உதவித்தொகை வந்தது. அதனோடு ஆய்வாளரும் அச்சிட்ட பாடநூலும் எழுத்துத் தேர்வும் வந்தன. ஊராரும் ஆசிரியரும் கேட்ட கேள்விகளின் இடத்தில், வெளியூரிலிருந்து வந்த அதிகாரியின் கேள்விகள் அமர்ந்தன. அப்போதும் பழைய பின்னங்கள் உடனே மடியவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்தவரை வீசம் சட்டைப் பையிலேயே வாழ்ந்தது. ரூபாயில் வீசம் என்பது ஓரணாவன்றோ? 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு காசுகளாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து எடைகளும் அளவைகளும் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கின. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டு ஏழையை ஏய்த்து வந்த நிலையில் இம்மாற்றம் நியாயமானதே.

மொழி மட்டும் பழைய பாடத்தை விட்டுவிடவில்லை. பெரும்பகுதி முடிந்த செயலை 'முக்காலே மூன்று வீசம் முடிந்தது' என்கிறோம். பதினாறில் பதினைந்து பங்கு என்று அதன் கணக்கைக் கேட்டால் திகைக்கிறோம்.

இன்றும் எழுத வேண்டிய தேர்வு

நாழியும் தூணியும் போனபின் அந்தத் தேர்வில் நாம் தோற்பதால் யாருக்கும் இழப்பில்லை. ஆயினும் பழைய வினாத்தாளில் இன்னும் காலாவதியாகாத வினா ஒன்று உண்டு. அரபுப் பாடசாலைகளில் 'ஃபராயிள்' என்று ஓதப்படும் வாரிசுப் பங்கீட்டுக் கணக்கே அது. கலீபா மஃமூனின் காலத்தில், அதாவது 813க்கும் 833க்கும் இடையில், அல்குவாரிஸ்மீ எழுதிய இயற்கணித நூலின் பெரும்பகுதி மரண சாசனக் கணக்குகளுக்கும் பங்கீட்டுக் கணக்குகளுக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதிலிருந்தே அதன் தகுதி விளங்கும்.

ஓர் எளிய வினாவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மறைந்தார். அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். மனைவியும் ஒரு மகனும் இரண்டு மகள்களும் உள்ளனர். அடக்கச் செலவும் கடனும் மரண சாசனமும் போக எஞ்சியதில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தை நான்காக்கி மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. முழுச் சொத்தையும் முப்பத்திரண்டு பங்காகக் கொண்டால் மனைவிக்கு நான்கு, மகனுக்குப் பதினான்கு, மகள் ஒவ்வொருத்திக்கும் ஏழு. திண்ணையில் படித்த பிள்ளையிடம் கேட்டிருந்தால் தாய்க்கு அரைக்கால், மகளுக்கு மூன்று வீசமே அரை வீசம் என்று விரல் மடக்காமல் சொல்லியிருப்பான். இன்றைய பெரியவர்களில் எத்தனை பேர் இதனைத் தாமே போட்டுப் பார்க்க வல்லவர்கள்?

திண்ணை ஏணிக்கு எட்டாத வினாக்களும் இதிலுண்டு. மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை ஆகியோர் வாரிசுகளாயின், இருபத்துநான்கை மூலமாகக் கொண்டு பங்கிடும்போது மூன்று, பதினாறு, நான்கு, நான்கு எனக் கூட்டுத்தொகை இருபத்தேழாகிவிடுகிறது. பங்குகள் சொத்தை மிஞ்சுகின்றன. எல்லோர் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைத்து, இருபத்தேழையே மூலமாக்குவர். இதற்கு 'அவ்ல்' என்று பெயர். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருக்கையில் இவ்வினா கேட்கப்பட்டது என்றும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என உரையை நிறுத்தாமலே அவர்கள் விடையளித்தார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. அதனாலேயே அது 'மிம்பரிய்யா' எனப் பெயர் பெற்றது. இருபத்தேழில் மூன்று பங்கு ஒன்பதில் ஒன்று என்பதை யாரும் சரிபார்க்கலாம்.

இக்காலத்தில் வாரிசுகளின் பெயரை இட்டால் கைப்பேசியே பங்கைக் காட்டிவிடும் என்பர். உண்மைதான், பெருக்கலை அது பிழையின்றிச் செய்யும். ஆனால் எவரெவர் வாரிசு என்பதையும், கடனை முதலில் தீர்த்தாயிற்றா என்பதையும், மரண சாசனம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதா என்பதையும் அறிந்து வினாவைச் சரியாக அமைப்பவர் மனிதரே. மணமாகிச் சென்ற சகோதரியின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டால், எந்தக் கருவியும் அவளைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்காது. 'சீர்வரிசை செய்தாயிற்று, இனி அவளுக்கென்ன?' என்று கூடத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர் மௌனம் காக்க, ஏழு பங்குக்குரியவள் ஏதும் பெறாமல் எழுந்து செல்வதைப் பாடம் நடத்தும் நாம் பலமுறை கேள்வியுற்றிருக்கிறோம். அவ்விடத்தில் கணக்கறிந்த ஒருவர் இருந்து வாய் திறந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். பங்குக்குரிய அவளே அக்கணக்கை அறிந்திருந்தால் இன்னும் நலம்.

ஆகவே முன்னோரின் தேர்வில் தேறுவோமா என்ற கேள்விக்கு, பெரும்பகுதியில் தேறமாட்டோம் என்பதே நேர்மையான விடை. மாவையும் காணியையும் மறந்ததற்காக வருந்த வேண்டியதில்லை. அவற்றை வரலாற்றுச் செல்வமாகப் போற்றினால் போதும். பங்கீட்டுக் கணக்கை அவ்வாறு விட்டுவிட முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் அவ்வினாத்தாள் விரிக்கப்படத்தான் போகிறது. நம் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒருசேர, பத்து வயதிலேயே, முப்பத்திரண்டைப் பங்கிடும் அந்த ஒரு கணக்கையேனும் சொல்லிக் கொடுப்போமாக.