பிழைத்தால் போதுமா? மீன் குஞ்சும் கொழுப்பும்

கொழுப்பைக் குறையுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. கடல் மீன் வளர்ப்பவர்களோ கொழுப்புக் குறைந்ததால் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாம் சந்தையில் வாங்கும் சியாக்காப் மீன்களில் பல பண்ணையில் வளர்ந்தவை. ஆகவே இந்த வரலாறு நம் வீட்டுச் சமையலுக்கும் சம்பந்தமுள்ளது.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. கடல் மீன் முட்டையைப் பொரிக்கச் செய்தாயிற்று. ஆனால் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சின் வாய்க்குள் நுழையும் இரை எது? 1960இல் தக்காஷி இத்தோ என்ற ஆய்வாளர் ரோட்டிஃபர் எனும் நுண்ணிய நீர்வாழ் உயிரைப் பயன்படுத்திக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், விலாங்கு மீன் குளங்களில் அது பெரும் தொல்லையாகக் கருதப்பட்ட உயிர்!

ரோட்டிஃபருக்கும் தீனி வேண்டுமே. அதற்காகப் பாசி வளர்ப்பது செலவு மிகுந்த வேலை. 1960களின் பிற்பகுதியில், ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரோட்டிஃபர் நன்றாகப் பெருகியது. அதைத் தின்ற மீன் குஞ்சுகளோ கும்பல் கும்பலாக மடிந்தன. தோக்கியோ மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தக்கேஷி வத்தனாபே குழுவினர் 1970களின் பிற்பகுதியிலிருந்து காரணத்தை விளக்கினர். ஈஸ்ட்டில் ஒமேகா-3 வகையின் நீண்ட கொழுப்பு அமிலங்கள் இல்லை. நன்னீர் மீன்கள் பல அவற்றை ஓரளவு தம் உடம்பிலேயே ஆக்கிக்கொள்ளும். கடல் மீன்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. எனவே ரோட்டிஃபருக்கு முதலில் மீன் எண்ணெயை ஊட்டி, பிறகு அதைக் குஞ்சுக்கு இரையாக்கினார்கள்.

குஞ்சுகள் பிழைத்தன. பண்ணைக்காரருக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் எத்தனை பிழைத்தன என்று எண்ணிய அளவுக்கு, பிழைத்தவை எப்படி நடந்துகொள்கின்றன என்று கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

1998இல் ரெய்ஜி மசூதா குழுவினர் அதைக் கவனித்தார்கள். ஜப்பானியர் புரி என்றழைக்கும் மஞ்சள்வால் மீனின் குஞ்சுகளில் ஒரு பிரிவுக்கு டிஎச்ஏ எனும் கொழுப்பு அமிலம் சேர்ந்த இரை கிடைத்தது; மற்றவற்றுக்கு அது கிடைக்கவில்லை. டிஎச்ஏ உண்டவை வளர்ந்ததும் வரிசை பிடித்துக் கூட்டமாக நீந்தின. உண்ணாதவை உயிரோடுதான் இருந்தன. ஆனால் கூட்டம் சேரத் தெரியவில்லை! இரையில் கொடுத்த டிஎச்ஏ மூளை, தண்டுவடம், விழித்திரை ஆகியவற்றில் போய்ச் சேர்வதை 1999இல் கதிரியக்க அடையாளமிட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1995இல் ஸ்காட்லாந்தில், டிஎச்ஏ குறைந்த ஹெர்ரிங் மீன் குஞ்சுகள் மங்கிய வெளிச்சத்தில் இரை பிடிக்கத் தடுமாறுவது தெரிய வந்திருந்தது.

தொட்டிக்குள் இந்தக் குறை வெளியே தெரியாது. அங்கே எதிரி இல்லை, இரை தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் ஜப்பான் 1960களிலிருந்தே பண்ணைக் குஞ்சுகளைக் கடலில் விட்டு மீன்வளத்தைப் பெருக்க முயன்று வந்துள்ளது. கூட்டம் சேரத் தெரியாத குஞ்சைக் கடலில் விடுவது, பெரிய மீனுக்கு நாமே விருந்து வைப்பது போலத்தான்.

நம் சியாக்காப்புக்கு வருவோம். ஒமேகா-3 ஊட்டிய இரையைத் தின்ற சியாக்காப் குஞ்சுகள், உருமாறும் அந்தச் சிக்கலான பருவத்தில் கூடுதலாகப் பிழைத்தன என்று 1990இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு, கடலில் பிடித்த நெத்திலி போன்ற சிறு மீன்களைப் பிழிந்தே கிடைத்து வந்தது. நுண்ணுயிர்களை வளர்த்து டிஎச்ஏ எடுக்கும் முறையும் பின்னர் பண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது.