நூறு ஆண்டுகளின் பின் ஊர் திரும்புதல்: ‘ப்ரெத் ஒஃப் த வைல்ட்’ விளையாட்டு

ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 2017 மார்ச் 3ஆம் திகதி வெளியிட்ட ‘த லெஜென்ட் ஒஃப் செல்டா: ப்ரெத் ஒஃப் த வைல்ட்’ ஒரு கற்பனைச் சாகச காணொளி விளையாட்டு. ஹிதேமரோ ஃபுஜிபயாஷி இயக்கியது. ஸ்விட்ச், வீ யூ ஆகிய கருவிகளில் விளையாடலாம். தமிழில் இல்லை, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

லிங்க் என்ற வீரன் 100 ஆண்டு உறக்கத்திலிருந்து, நினைவு எதுவுமின்றி எழுகிறான். அவனது நாடான ஹைரூல் அழிந்து கிடக்கிறது. கனொன் என்ற தீய சக்தியை இளவரசி செல்டா அரண்மனைக்குள் தனியே தடுத்து வைத்திருக்கிறாள். செல்டாவின் கருவியில் 12 ஒளிப்படங்கள் எஞ்சியுள்ளன. அவை எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிப் போய் நின்றால்தான் லிங்க்கின் நினைவுகள் திரும்புகின்றன. எரிந்த சுவரையும் கூரையற்ற வீட்டையும் கடந்து, “இந்த இடம்தானா?” என்று மலையின் வடிவத்தை வைத்துத் தேடுகிறோம். மீள்குடியேறப் போய், கிணற்றை வைத்துத் தம் வளவை அடையாளம் கண்டவர்களுக்கு இந்தத் தேடலை விளக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. நாட்டைக் காப்பதற்கென்று செய்யப்பட்ட ‘கார்டியன்’ இயந்திரங்கள் கனொனின் கைக்குப் போய், மக்களையே கொன்றவை. அவை நம்மைக் கண்டதும் சிவப்பு ஒளிக்கோடு உடலில் விழும், பியானோ இசை படபடக்கும், பிறகு வெடிக்கும். சில கார்டியன்கள் வானில் வட்டமிட்டு, வெளிச்சம் பாய்ச்சித் தேடுகின்றன. வன்னியில் நாங்கள் ‘வண்டு’ என்று சொன்ன வேவு விமானம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. முதல் தடவை கருவியைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு விளையாடினேன். ஐரோப்பாவில் இதற்கு 12 வயதுத் தரம் வழங்கப்பட்டுள்ளது. வயதை மட்டும் பார்த்துப் பிள்ளைகளிடம் கொடுக்காமல், முதல் சில மணித்தியாலங்கள் அருகில் இருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது போர் அல்ல, டாரி டவுன் என்ற சிற்றூர். ஹட்சன் என்ற கட்டடத் தொழிலாளி வெறும் நிலத்தில் தனியாக ஊர் கட்டத் தொடங்குகிறார். முதலில் 10 கட்டு விறகு கேட்பார். பிறகு 20, 30, 50. வெவ்வேறு இனங்களைச் சேர்ந்தவர்களை நாம் தேடி அழைத்து வர வேண்டும். ஒவ்வொருவர் வந்து சேரும்போதும் ஊரின் இசையில் ஒரு புதிய வாத்தியம் சேர்கிறது. கடைசியில் அங்கே ஒரு கல்யாணம் நடக்கிறது. இறுதிச் சண்டைக்கு அவசரமில்லை. விறகு வெட்டிக்கொண்டே பல நாட்கள் இருக்கலாம்.

குறையும் உண்டு. மாண்ட நான்கு மாவீரர்களுக்குக் கதை இருக்கிறது, அவர்களை நினைத்து அழுபவர்களும் இருக்கிறார்கள். அழிந்த கிராமங்களுக்கோ வரைபடத்தில் பெயர் மட்டும்தான். அங்கே வாழ்ந்தவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. மற்றவர்கள் இதைக் கவனிக்காமல் கடந்து போகலாம். காணாமற்போனவர்களின் பெயர்களை ஏந்திக்கொண்டு தெருவோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரைத் தினமும் காணும் எங்களால் அப்படிக் கடக்க முடியவில்லை.

ஆனாலும் விளையாடிப் பாருங்கள். அழிவுக்குப் பின்னும் ஒரு நிலத்தில் புல் முளைக்கும், ஆட்கள் அடுப்பு மூட்டுவார்கள் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறொரு விளையாட்டை நான் கண்டதில்லை.