குமராட்சிச் சாலையும் பதினைவர்க்குச் சோறும்

சிதம்பரத்திலிருந்து மேற்கே காட்டுமன்னார்கோயிலுக்குச் செல்லும் சாலையில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த ஊர் குமராட்சி. கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம் என்பதைத் தவிர, பயணிகளுக்கு இவ்வூரைப் பற்றி அதிகம் சொல்லப்படுவதில்லை. பேருந்து நின்று புறப்படும். இருபுறமும் வயல்களும் வாய்க்கால்களும் தொடரும். ஆயினும் தமிழின் இருபெரும் பக்தி இலக்கியத் தொகுப்புகள் அழிவிலிருந்து மீண்ட கதைகள், இச்சாலையின் இரு முனைகளையும் இடையிலுள்ள ஓர் ஊரையும் சுற்றியே அமைந்துள்ளன. நண்பர்கள் சிலரோடு, கையில் ஓரிரு நூல்களோடு, ஒரு நாளைச் செலவிட இதனினும் சிறந்த வழியொன்றைக் காட்டுவது அரிது.

முதலில் திருநாரையூர். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரே நம்பியாண்டார் நம்பியின் ஊர். தந்தை வெளியூர் சென்றிருந்த நாளில் பொல்லாப் பிள்ளையாருக்கு அமுது படைத்த சிறுவன், பிள்ளையார் உண்ணாததைக் கண்டு தலையை மோதி அழுதான் என்பதும், பிள்ளையார் இரங்கி உண்டார் என்பதும் பலரும் அறிந்த கதை. அந்தச் சிறுவனே பின்னாளில் சோழ மன்னனோடு தில்லை சென்று, பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை வெளிக்கொணர்ந்தார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. இந்நூல் உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படுவது. அழிந்தவை போக இன்று நமக்கு எஞ்சியவை ஏறக்குறைய 800 பதிகங்கள்.

இக்கதையில் மன்னனும் நம்பியும் நினைவில் நிற்கின்றனர். ஆனால் ஏடு கிடைத்தால் மட்டும் போதுமா? பாடல்களுக்குரிய பண் தெரிய வேண்டாமா? அதற்காக அவர்கள் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்றனர் என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தி பண்முறைகளை வகுத்துத் தந்தாள் என்றும் அதே புராணம் சொல்கிறது. அவ்வூர் இன்று இராசேந்திரப்பட்டினம் எனப்படுகிறது. விருத்தாசலத்திற்கு அருகில், இதே கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அப்பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. தன் குடியில் வழிவழியாக வந்த இசையைக் கேட்டு வந்தவர்களுக்கு அவள் தந்தாள். அவ்வளவே நாம் அறிவது.

சாலையின் மேற்கு முனையில் காட்டுமன்னார்கோயில். பழம்பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். வீரநாராயணன் என்பது முதற் பராந்தகச் சோழனின் (907-955) விருதுப்பெயர். நாதமுனிகள் இவ்வூரினர், அவருடைய பேரர் ஆளவந்தாரும் இவ்வூரினரே. வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் செய்தி இது: வழிப்போக்கர்களாக வந்த வைணவர் சிலர் இங்குள்ள பெருமாள் முன்பு, குடந்தைப் பெருமாளைப் பற்றிய பத்துப் பாசுரங்களைப் பாடினர். பத்தின் இறுதியில் 'ஆயிரத்துள் இவை பத்து' என்னும் கருத்து வரக் கேட்ட நாதமுனிகள், எஞ்சிய பாசுரங்கள் எங்கே என வினவினார். அவர்கள் அறிந்தது அந்தப் பத்து மட்டுமே.

எஞ்சியதைத் தேடி அவர் தென்கோடியிலுள்ள குருகூர் சென்றார். அங்குப் பராங்குசதாசர் என்பவர், மதுரகவியாழ்வார் பாடிய 11 பாசுரங்களை அவருக்குக் கற்பித்தார். அவற்றைப் பன்னீராயிரம் முறை ஓதியபின் நம்மாழ்வார் காட்சி தந்து நாலாயிரம் பாசுரங்களையும் அருளினார் என்பது மரபு. வரலாற்று நோக்கில் படிப்போர் அக்காட்சியை நம்பிக்கையின் பாற்பட்டதாக ஒதுக்கி வைக்கலாம். ஒதுக்கிய பின்னும் ஒன்று எஞ்சுகிறது. கோயில் ஒன்றில் பாடிவிட்டுச் சென்ற பெயரறியாப் பயணிகளும், தாம் கற்ற பதினொன்றை மறைக்காமல் சொல்லித் தந்த ஒருவரும் இல்லையேல் நாலாயிரம் தொகுக்கப்பட்ட கதையே இல்லை. தம்மிடம் உள்ளது சிறிதே ஆயினும் கேட்டவர்க்குக் கொடுத்தார்கள். இலக்கியம் இப்படித்தான் பிழைத்திருக்கிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவேதான் இக்கதைகளை இப்படிச் சொல்லி வைத்தனர் போலும்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டியுள்ள உடையார்குடிக்கு இன்று வரும் நண்பர் குழாங்கள் பெரும்பாலும் வேறொன்றைத் தேடி வருகின்றன. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்', ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்து ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையேறி வந்த கரையைக் காண வருவோர், அடுத்து அனந்தீசுவரம் கோயிலுக்குள் நுழைந்து, ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய கல்வெட்டு எங்கே எனக் கேட்பர். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்ளும் கல்வெட்டு அது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோர் துரோகிகளாகச் சுட்டப்படும் வரிகளை விரலால் தொட்டுப் படித்ததும் அனைவர் முகத்திலும் ஒரு மலர்ச்சி தோன்றும். புதினத்தில் படித்த பெயர் கல்லில் இருக்கிறது! பிறகு புகைப்படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவர்.

நண்பர்களே, அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். அக்கல்வெட்டு கொலையைப் பதிவு செய்வதற்காக வெட்டப்பட்டதன்று; ஓர் அறக்கொடையைப் பதிவு செய்வதற்காக வெட்டப்பட்டது. துரோகிகளின் உறவினர்களுடைய உடைமைகளை விற்குமாறு ஊர்ச்சபைக்கு வந்த அரசாணை அதன் முற்பகுதி. அவ்வாறு விற்கப்பட்ட நிலத்தையும் மனைகளையும், வெண்ணையூரைச் சேர்ந்த பரதன் என்கிற வியாழகஜமல்லப் பல்லவரையன் விலைக்கு வாங்கி, கோயிலில் நாள்தோறும் பிராமணர் 15 பேர் உண்பதற்கு வழிசெய்தான். இதுவே கல்வெட்டின் பயன். கொலைச் செய்தி, அந்த நிலம் எவ்வாறு விற்பனைக்கு வந்தது என்பதை விளக்கும் முன்கதை மட்டுமே. அந்தப் பதினைந்து பேரின் சோற்றுக்காக எழுதப்பட்ட ஆவணம் இல்லையேல், கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

எனினும் இதை இனிய கதையாக மட்டும் முடித்துவிட முடியாது. நிலத்தை இழந்தவர்களின் பெயர்களும் அதே கல்லில் உள்ளன. இரேவதாச கிரமவித்தன், அவன் மகன், அவன் தாய் பெரியநங்கைச்சாணி ஆகியோர் அவர்கள். அரசாணையின் பிடி கொலை செய்தவர்களோடு நிற்கவில்லை. உடன்பிறந்தார், மக்கள், மனைவியர், உறவினர் வரை நீண்டது. பெரியநங்கைச்சாணி என்னும் அந்தத் தாய் செய்த குற்றம் என்ன? கல்வெட்டு கூறவில்லை. ஒரு வீட்டின் அடுப்பு அணைந்த இடத்தில் மற்றோர் அடுப்பு மூட்டப்பட்டது. அறத்தைப் படிக்கும்போது அதன் விலையையும் சேர்த்துப் படிப்பதே நேர்மையான வாசிப்பு. தனியே சென்றால் இவ்வரிகளைக் கடந்துபோவது எளிது. நண்பர்களோடு செல்வதன் பயன் இதுதான். ஒருவர் கொலையைப் படிப்பார், ஒருவர் கொடையைப் படிப்பார், மற்றொருவர் அந்தத் தாயைப் பற்றிக் கேட்பார்.

அருகிலுள்ள மேலக்கடம்பூரையும் விட்டுவிட வேண்டாம். முதற் குலோத்துங்கன் காலத்தில் தேர் வடிவில் அமைந்த கற்றளி அங்குள்ளது. வங்கத்துப் பாலர் கலைமரபில் வார்க்கப்பட்ட, எருதின் மீது ஆடும் பத்துக் கரச் சிவன் செப்புத்திருமேனியும் அவ்வூருக்கு உரியது. ஓமாம்புலியூர், கானாட்டுமுள்ளூர் ஆகிய பாடல் பெற்ற தலங்களும் இச்சுற்றிலேயே உள்ளன. வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர் வருகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே அவ்வணை கட்டப்பட்டது 1836 இல். அந்த ஏரியின் நீர் 2004 முதல் குழாய் வழியே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குச் செல்கிறது. பராந்தகன் பெயரால் விளங்கும் நீரை வீட்டிலிருந்தே பருகும் சென்னை நண்பர்கள், ஒருமுறையேனும் இக்கரைக்கு வந்து நிற்பது முறையல்லவா?

இவ்வழியில் கோயில் சுற்றியோர் அனைவரும் அறிந்த அனுபவம் ஒன்றுண்டு. கோயில் பூட்டியிருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், சாவி இருக்கும் வீட்டுக்குச் சிறுவனை அனுப்புவார். குருக்கள் உச்சி வெயிலில் மீண்டும் வந்து கதவைத் திறப்பார். யாரோ ஒருவர் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ஊர் திரும்பியபின் கல்வெட்டின் வரிகள் மறந்து போகலாம். அந்தத் தண்ணீர் மறப்பதில்லை. பத்துப் பாசுரம் பாடிய பயணிகளும், பண் வகுத்துத் தந்த பெண்ணும், பதினைவர்க்குச் சோறிட்டவனும் இவர்களுக்குத் தொலைவானவர்கள் அல்லர்.

ஆகவே நேரமும் நண்பர்களும் வாய்க்கும்போது குமராட்சிச் சாலையில் ஒருமுறை சென்று வாருங்கள். புதினத்தை எடுத்துச் செல்லுங்கள். கல்வெட்டின் முழுப் பாடத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கடைசி வரி வரை படியுங்கள்.