மூன்று கல்

"ஆத்துக்குள்ள கெடக்கிற கல்லை எடுக்காதல, வெடிச்சிரும்" என்பார் பெரியப்பா. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவோம். அந்த நாட்களில் அடுப்பு அவர் பொறுப்பு. நீர் ஊறிய கல் சூடேறினால் உள்ளிருக்கும் ஈரமே அதைப் பிளந்துவிடும். அதனால் மேட்டில் வெயில் காய்ந்த கல்லாக மூன்று பொறுக்குவார். காற்று வரும் பக்கம் வாய் இருக்கும்படி வைத்து, பானையின் வெளிப்புறம் ஈரமண் பூசி ஏற்றுவார். கரியெல்லாம் மண்ணோடு போய்விடும். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குக் கை நோகாது.

கல்லடுப்பு என்றதும் எனக்கு அவர்தான். அவர் போன பிறகுதான் அந்தச் சொல்லின் பின்னால் போகத் தோன்றியது.

அடுதல் என்றால் சமைத்தல். எடு எடுப்பு ஆனதுபோல அடு அடுப்பு ஆயிற்று. அட்டது அடிசில், அடுகிற இல்லம் அட்டில். நெல் முகந்து சமைக்கும் பெண்ணை அடுமகள் என்கிறது புறநானூறு. மலையாளத்தில் சமையலறை இன்றும் அடுக்கள, கன்னடத்தில் சமையல் அடிகெ. நாம் அடுதலை விட்டுவிட்டுச் சமைக்கிறோம், ஆக்குகிறோம், பொங்குகிறோம். ஆனால் அடுப்பை மட்டும் விடவில்லை. மண்ணெண்ணெய் வந்தபோதும் அடுப்பு, கேஸ் வந்தபோதும் அடுப்பு. தீயே இல்லாத இண்டக்‌ஷனுக்கும் அதே பெயர்தான்.

வீட்டில் பெரியப்பா அடுப்படிப் பக்கம் போனால், ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மலை ஏறினால் கேட்க ஆளில்லை. துவரம்பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய், சீரகம் எல்லாம் ஒரே பானையில் இறங்க, கூட்டாஞ்சோறு கிண்டுவார். அப்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை வீட்டில் நான் பார்த்ததில்லை. சிறுபாணாற்றுப்படையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதில் பாணனுக்கு இடப்படும் அடிசில், சமையல் நூல் வழுவாமல் ஆக்கியது. அந்த நூலைச் செய்தவன் காண்டவ வனத்தை எரித்தவனின் அண்ணன், அதாவது வீமன். காட்டில் அலைந்தவன், விராடன் அரண்மனையில் கரண்டி பிடித்தவன். சமைக்கிற ஆணைப் புலவர் நல்லூர் நத்தத்தனார் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்!

அடுதலுக்குக் கொல்லுதல் என்ற பொருளும் உண்டு. அடுகளம் என்றால் போர்க்களம். எது எதிலிருந்து வந்தது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஜெயங்கொண்டாருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் பட்டவர்கள் கிடக்கும் களத்திலேயே பேய்கள் அடுப்பு மூட்டிக் கூழ் அடுகின்றன.

அந்தப் பரணி ஒரு நட்சத்திரத்தின் பெயரும்கூட. அதற்கு நிகண்டுகள் தரும் இன்னொரு பெயரைப் படித்தபோது அகராதியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுப்பு. மூன்று மீன்கள் முக்கோணமாக நிற்பதால் அந்தப் பெயர். முக்கூட்டு என்றும் சொல்வதுண்டு. எத்தனையோ அமாவாசை இரவுகள் அவரோடு அந்த வானத்தின் கீழ்ப் படுத்திருக்கிறேன். அவருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாமல் போயிற்று.

போன ஆடியில் மூன்று கல்லை நான் பொறுக்கினேன். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து உலை ஏற்றிவிட்டு, கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்று மேற்கே தேடினேன். மேகம் விலகியபோது மூன்றும் தெரிந்தன, மங்கலாக, நெருக்கமாக. பெரியம்மாவை எழுப்பிக் காட்டினேன். கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "உலை கொதிக்குது பாரு" என்றாள். அரிசி களையப் போனேன்.