எண்ணாமல் விட்ட திமிங்கலங்கள்

பழங்குடி மக்களின் அறிவை ஆராய்ச்சியிலும் சட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் சேர்த்தால் என்ன ஆகும்? அலாஸ்காவின் வடகோடியில் நடந்த கதை இது.

அங்கே வாழும் இனுபியாட் மக்களுக்கு போஹெட் திமிங்கலம்தான் உணவு, திருவிழா எல்லாமே. இறைச்சியை விற்க மாட்டார்கள், ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். 1848ல் அமெரிக்க வணிகக் கப்பல்கள் பெரிங் நீரிணையைத் தாண்டி வந்தன. எண்ணெய்க்காக அவர்கள் ஆடிய வேட்டையில் சில பத்தாண்டுகளிலேயே திமிங்கலங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

அந்தக் கவலையில்தான் 1977ல் சர்வதேச திமிங்கல ஆணையம் இனுபியாட் வேட்டையையும் தடை செய்தது. மிச்சம் இருப்பது 600 முதல் 2000 வரைதான் என்பது அன்றைய மதிப்பீடு. அந்த மக்கள் போராடிய பிறகு, 1978க்கு வெறும் 12 திமிங்கலங்கள் அனுமதிக்கப்பட்டன. இன்னும் நிறைய இருக்கின்றன என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். வேட்டையாடுகிறவன் வேறு எப்படிச் சொல்வான் என்றுதானே நமக்கும் தோன்றும்?

சிக்கல் எண்ணிய முறையில் இருந்தது. விஞ்ஞானிகள் பனியின் விளிம்பில் நின்று, பனி விலகிய நீர்ப்பாதையில் போகிறவற்றை மட்டும் எண்ணினார்கள். பனி மூடிக்கொண்டால் திமிங்கலம் வராது என்று நினைத்தார்கள். பாரோ ஊரின் வேட்டைத் தலைவர் ஹாரி பிரவர் இதை மறுத்தார். திமிங்கலங்கள் பனிக்கு அடியிலும் போகும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு வாங்கும், கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்திலும் போகும் என்றார்.

தாமஸ் ஆல்பர்ட் என்ற விஞ்ஞானி இதைக் கதை என்று தள்ளவில்லை. அப்படியே நம்பிவிடவும் இல்லை. சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். 1980களில் அவரது குழு தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் திமிங்கலக் குரல்கள்! எண்ணும் முறையே மாறியது. 1993ல் மதிப்பீடு சுமார் 8000. வேட்டை அளவும் உயர்த்தப்பட்டது. வேட்டை நடந்துகொண்டிருந்தபோதே திமிங்கலங்கள் பெருகி, 2011ல் 16,000ஐத் தாண்டின.

ஆணையம் எச்சரிக்கையாக இருந்ததில் தவறில்லை. ஆனால் வணிகக் கப்பல்கள் செய்த அழிவுக்குத் தண்டனை அனுபவித்தது யார்? அந்த மக்களிடம் 1977லேயே கேட்டிருக்கலாம். பழங்குடி அறிவைச் சேர்ப்பது என்றால் கடைசியில் ஒரு நன்றி வரி எழுதுவதல்ல. எதை, எங்கே நின்று எண்ணுவது என்று முடிவு செய்யும்போதே அவர்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?