புதிரும் கதைகூறலும்

கதை தழுவிய கணிப்பொறி விளையாட்டுகளில் புதிர் கதைக்கு இடைத்தடையாய் நிற்பதோ, கதையைத் தானே உரைப்பதோ என்னும் வினா ஆராய்தற்குரியது.

1970களின் இடையில் அமெரிக்கரான வில் கிரௌதர், கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையை அடியாகக் கொண்டு 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை இயற்றினார். 1977-இல் டான் வுட்ஸ் அதனை விரித்தார். அதன்கண் வழிமறிக்கும் பாம்பை ஓட்டுதற்குப் பறவையொன்றைக் கூண்டிற் பிடித்துக் கொணர்ந்து விடுவித்தல் வேண்டும். கையிற் கோல் இருப்பின் பறவை அஞ்சி அகப்படாது. நயமான புதிரே. ஆயினும் விடையால் வழி திறக்கின்றதேயன்றிக் கதை விளங்குவதில்லை. புதிர் ஈண்டு வாயிற்காவலன் மட்டுமே.

மில்லர் உடன்பிறந்தார் இருவர் 1993-இல் படைத்த 'மிஸ்ட்' ஓரடி முன்சென்றது. நூல்களுள் சிறைப்பட்ட சிரஸ், அக்கெனார் என்னும் இருவரும் ஒருவரையொருவர் பழித்துத் தத்தம் நூலின் தாள்களைத் தேடித் தருமாறு வேண்டுவர். எவரை நம்புவது என்பதை அவர்தம் அறைகளிற் கண்ட பொருள்களே உணர்த்துகின்றன. பொறிகளைத் திறக்கும் புதிர்களோ பழைய நிலையினவே.

முழுமாற்றத்தை லூக்காஸ் போப் 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' காட்டுகின்றது. 1807-இல் உயிருள்ளார் எவருமின்றி இங்கிலாந்தின் பால்மத் துறையை அடைந்த வணிகக் கப்பலொன்றை ஆய்வதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர் ஒருவர் ஏவப்படுகின்றார். ஆடுவோர் அவ்வாய்வாளரே. கப்பலிற் சென்றோர் அறுபதின்மர். அவர்களுள் இந்திய மாலுமியரும் உளர். எஞ்சிய உடலை அணுகியவழி, ஒரு சட்டைப்பைக் கடிகை இறப்பின் ஈற்றொலியைக் கேட்பித்து, அந்நொடியை அசைவற்ற காட்சியாய்க் காட்டும். தொங்குபடுக்கையின் எண், பேச்சு வழக்கு, உடை, யார் அருகே யார் நின்றனர் என்பன கொண்டு ஒவ்வொருவர் பெயரையும் முடிவையும் ஏட்டில் எழுதுதல் வேண்டும். மூவரைப் பற்றிய முடிபுகள் பிழையற நிரம்பினாலன்றி ஏடு அவற்றை உறுதிசெய்யாது. குருட்டு ஊகத்திற்கு இஃதோர் அணை.

துப்பறியும் கதையின் மரபே இது என்பார் உளராகலாம். அக்கதையில் துப்பறிவோன் உரைக்கப் படிப்போர் கேட்பர். ஈண்டோ இன்னார் இன்னாரால் இவ்வாறு மாய்ந்தார் என்று ஆடுவோர் எழுதும் விடையே, எழுவாயும் பயனிலையும் கொண்ட கதைத்தொடராகின்றது. விடை காணாதார்க்குக் காட்சிகள் உண்டு, கதை இல்லை. இவ்வேறுபாடு சிறிதன்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நெடுங்கதையை மீண்டும் மீண்டும் படித்து இன்புறலாம். இவ்விளையாட்டை விடையறிந்த பின் முன்போல ஆடுதல் இயலாது. மேலும், ஏட்டின் ஓர் இயல் மட்டும் ஏனையோர் முடிவெல்லாம் உறுதிப்பட்ட பின்னரே காணக் கிடைக்கின்றது. பழைய வாயிற்காவலன் இந்நூற்றாண்டிலும் முற்ற அகன்றிலன்.